பைபிள் ரேடியோ: உப்புக்காற்று அடிக்கிற வீட்டில் கேட்டுப் பார்த்ததில்

முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். திருவிவிலியத்தைக் குரலில் பதிவு செய்து ஒரு மெமரி கார்டில் போட்டு, அதைக் கேட்பதற்கென்றே செய்த சின்னப் பெட்டி. முன்னால் ஸ்பீக்கர், முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு சோலார் தகடு, ஒரு ஓரத்தில் டார்ச் லைட், மேலே ஐந்து பட்டன். வேளாங்கண்ணி போயிருந்தபோது ஒரு பக்திப் பொருள் கடையில் 1,850 ரூபாய்க்கு வாங்கினோம். பெட்டியின் மேல் கம்பெனி பெயர்கூட ஒழுங்காக இல்லை, இதே அச்சில் நாலைந்து பெயரில் வருகிறது, அதனால் பெயரைத் தேடி அலைய வேண்டாம். நான் சொல்கிற விஷயங்களைக் கடையிலேயே பார்த்து வாங்குங்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பைபிள் ரேடியோ. மாமியார் வைத்த பெயர்.

வாங்கலாமா என்று மட்டும் கேட்டால், வாங்கலாம். வீட்டில் கண் மங்கிய பெரியவர்கள் இருந்தால், கடலுக்குப் போகிறவர் இருந்தால், எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அலுத்துப்போகிறவர் இருந்தால் கட்டாயம் வாங்கலாம். ஆனால் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்து, காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு நம் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பதற்கு என்றால் வேண்டாம். எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

எங்களுக்கு இராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடம். மாமியாருக்குச் சர்க்கரையால் கண் போய்விட்டது, வெளிச்சம் தெரியும், ஆள் நிழலாகத் தெரியும், எழுத்து தெரியாது. செபமாலை கையில் இருந்துகொண்டே இருக்கும், பூசைக்குத் தோளைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார், ஆனால் வேதாகமம் என்று எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காதில் விழுவதோடு சரி. நாம் நினைப்பது போல அது அதிகமில்லை. ஒரு வருடம் மத்தேயு, அடுத்த வருடம் மாற்கு, அதற்கடுத்து லூக்கா, இடையிடையே யோவான் என்று மூன்று வருடச் சுற்றில் நற்செய்திகள் ஓரளவு வந்துவிடும், பழைய ஏற்பாட்டில் மட்டும், ஒரு ஞாயிறு தவறாமல் போனாலும் சிறு பகுதிதான் கேட்டிருப்போம். அதுவும் துண்டு துண்டாக. முழுசாக ஒரு நற்செய்தியை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே மூச்சில் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அதனால்தான் நாங்கள் மாற்குவில் ஆரம்பித்தோம். 16 அதிகாரம், நான்கில் சின்னது, ஒரே மாலையில் கேட்டுவிடலாம். மாமியார் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, இடையில் ஒரு தடவை தண்ணீர் மட்டும் கேட்டார். பேதுரு என்றால் அவருக்குச் சாவியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சுரூபம், திருநாள், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் அந்த ஆள் வலையைப் போட்டுவிட்டுக் கிளம்பியதிலிருந்து, ஆண்டவரிடம் திட்டு வாங்கி, தோட்டத்தில் தூங்கி வழிந்து, கடைசியில் எனக்கு அவரைத் தெரியாது என்று சொல்கிற வரைக்கும் ஒரே ஆளின் கதையாக அவர் காதில் விழுந்தது. “ஏத்தா, எல்லாரும் ஓடிட்டானுகன்னுல சொன்னான். இவன் பின்னாலயே போயிருக்கான் பாரு. எட்டத்துலயாச்சும் போயிருக்கான்” என்றார். அந்த ‘எட்டத்தில்’ மாற்கு 14-ல் இருக்கிறது. எத்தனையோ பெரிய வெள்ளி இதைக் கேட்டிருக்கிறேன், எனக்கு அது ஒருமுறைகூட உறைத்ததில்லை. அதற்குப் பிறகு பல நாள் அவருடைய செபத்தில் அந்தச் சொல் வந்தது, நானும் எட்டத்துலதான் வர்றேன் ஆண்டவரே என்று.

புத்தகத்தைக் கையில் எடுத்து வாசிப்பதுதான் உசத்தி, கேட்பது படிக்கத் தெரியாதவர்களுக்கு என்று ஒரு எண்ணம் நம்மிடம் இருக்கிறது. நான் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இந்தக் கடற்கரைக்கு விசுவாசம் வந்ததே காது வழியாகத்தான். சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து, விசுவாசப் பிரமாணத்தையும் பரலோக மந்திரத்தையும் பத்துக் கட்டளையையும் தமிழில் சொல்லிச் சொல்லி மனப்பாடமாக்கினார். இங்கே பக்கத்தில் வேதாளையில் 1549-ல் உயிரைக் கொடுத்தாரே அந்தோணி கிரிமினாலி அடிகளார், இயேசு சபையின் முதல் வேதசாட்சி, அவர் காலத்து ஜனங்கள் கையில் அச்சுப் புத்தகமே கிடையாது. தமிழ் எழுத்தில் முதல் புத்தகம் அச்சானது 1578-ல்தான். அதற்கு முன்னால் ஒரு தலைமுறை முழுவதும் காதால் கேட்டு, வாயால் சொல்லி, பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து விசுவாசத்தைக் காப்பாற்றியிருக்கிறது. கேட்பதால்தான் நம்பிக்கை வருகிறது என்று பவுலும் உரோமையருக்கு எழுதியிருக்கிறார், பத்தாம் அதிகாரம். ஆகவே பெட்டி வைத்துக் கேட்கிறோம் என்று யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

இனி கடலுக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் நாட்டுப்படகில் போகிறவர். இன்ஜின் ஓடும்போது இந்தப் பெட்டி எதற்கும் ஆகாது, சத்தத்தை முழுவதும் ஏற்றினாலும் டீசல் இன்ஜின் முழுங்கிவிடும். வலையை விட்டுவிட்டு இன்ஜினை நிறுத்திக் காத்துக்கிடக்கிற நேரம் இருக்கிறதே, அதற்குத்தான் இது. போனில் கேட்டால் போதாதா என்று கேட்கலாம், போனில் இலவச ஆப் எல்லாம் இருக்கிறது, நல்ல பதிவுகள், முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னலும் வேண்டாம். வீட்டிலோ பேருந்திலோ அது போதும். கடலில் போன் சார்ஜ் என்பது உயிர் காக்கிற விஷயம், அதைக் கதை கேட்டுத் தீர்க்க எனக்கு மனசு வரவில்லை. அப்புறம், போனில் ஒரு அதிகாரம் முடிவதற்குள் ஒரு வீடியோ கண்ணில் பட்டுவிடுகிறது, கை அங்கே போய்விடுகிறது. இந்தப் பெட்டியில் திரையே இல்லை. அதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது.

படகில் நாலு பேர், அதில் ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து. எல்லாரிடமும் கேட்டுவிட்டுத்தான் போடுங்க என்று சொல்லி அனுப்பினேன், அவரும் அப்படித்தான் செய்தார். அந்த முஸ்லிம் அண்ணன், யூனுஸ் நபி கதை இதில் இருக்குமா என்று கேட்டிருக்கிறார். நம் வேதத்தில் அவர்தான் யோனா, நாலே அதிகாரம், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், புயலும் மீனும் படகும் தெரிந்தவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. எல்லாரும் கேட்டிருக்கிறார்கள்.

ஆனால் அவர்கள் அதிகம் பேசியது மாற்கு 4-ம் அதிகாரத்தைப் பற்றி. ஆண்டவர் படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார், காற்று எழும்புகிறது, தண்ணீர் உள்ளே வருகிறது. பதிவில் அந்த இடத்தில் அலைச்சத்தம் போட்டிருக்கிறார்கள். அது பாறையில் மோதுகிற பெருங்கடல் சத்தம், கலிலேயாவில் அப்படி இருந்திருக்காது என்று வீட்டுக்காரர் சொன்னார். அவர் சொன்னது சரிதான். கலிலேயக் கடல் என்பது ஓர் ஏரி, நீளம் 21 கிலோமீட்டர், அகலம் 13, சுற்றிலும் மலை, மலையிலிருந்து காற்று திடீரென்று இறங்கும். நம் பாக் நீரிணையும் ஆழம் குறைந்த கடல்தான், அலை உயரமாக எழும்பாது, ஆனால் காற்று பிடித்தால் மூச்சு விட நேரம் கொடுக்காமல் அடுத்தடுத்து வந்து சாத்தும். 1986-ல் அந்த ஏரி வற்றியபோது சேற்றிலிருந்து ஏறக்குறைய இயேசு காலத்துப் படகு ஒன்றை எடுத்தார்களே, அதன் நீளம் எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அகலம் இரண்டேகால் மீட்டர் சொச்சம் என்று அவரிடம் சொன்னேன். கிட்டத்தட்ட 27 அடி. “நம்ம வள்ளம் அளவுதான். அதுல பதிமூணு பேரா? விளிம்பு தண்ணிக்குக் கிட்டவே கிடந்திருக்கும், உள்ள வராம என்ன செய்யும்” என்றார்.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார், நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டறியாத கேள்வி. புயல் வருவதற்கு முன்னால் ஒரு வரி வருகிறது, வேறு படகுகளும் அவரோடு போயின என்று. அதற்குப் பிறகு அந்தப் படகுகளைப் பற்றிப் பேச்சே இல்லை. “கூட வந்த படகு என்ன ஆச்சு?” கடலுக்குப் போகிறவனுக்கு அந்த வரி காதில் நிற்கும், கரையேறினால் முதலில் எண்ணிப் பார்ப்பது கூட வந்த படகைத்தானே. இரண்டு நாள் கழித்து அவரே சொன்னார், காற்று நின்றால் எல்லாப் படகுக்கும்தான் நின்றிருக்கும், கேட்டது ஒரு படகு, பிழைத்தது எல்லாப் படகும் என்று. அதிலிருந்து அவர் ராத்திரி செபத்தில் விசைப்படகுக்காரர்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்கிறார். நாட்டுப்படகுக்கும் விசைப்படகுக்கும் இங்கே இருக்கிற சண்டை தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

ஒரு அதிகாரம் கேட்டோமா, பட்டனை அமுக்கி நிறுத்தினோமா, இதுதான் வழி. நிறுத்தாமல் ஓடவிட்டால் கேள்வி எழும்ப இடமே இருக்காது. தவக்காலத் தியானம் ஒன்றில் ஒரு சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது: வாசி, அசைபோடு, செபி, பிறகு சும்மா அவர் முன்னால் இரு. 12-ம் நூற்றாண்டில் கிகோ என்ற கார்த்தூசியன் துறவி இதை நாலு படி உள்ள ஏணியாக எழுதி வைத்திருக்கிறார். துறவிகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். வலை பின்னுகிற கை பின்னிக்கொண்டே இருக்கலாம், நண்டு பிரிக்கிற கை பிரிக்கலாம், வாய் மட்டும் சும்மா இருந்தால் போதும். எங்கள் வீட்டில் அதிகாரம் முடிந்ததும் ஒரு பத்து ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொல்லுகிற நேரத்துக்கு யாரும் பேசுவதில்லை. பிள்ளைகளுக்குக்கூட அது பழகிவிட்டது.

சங்கீதங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவின் மகன் போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன சமயம். எல்லை தாண்டினார்கள் என்று வழக்கு, சிறை. அக்கா ராத்திரியில் எங்கள் திண்ணைக்கு வந்து உட்காருவார், வீட்டில் இருக்க முடியவில்லை என்பார். ஆறுதலாக இருக்கட்டும் என்று 23, 91 என்று போட்டேன். கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் பெட்டி தானாக ஓடி 88 வந்துவிட்டது. அது முழுக்க முழுக்கப் புலம்பல், மற்றப் புலம்பல்களில் கடைசியிலாவது ஒரு வெளிச்சம் வரும், இதில் அதுகூட வராது, இருட்டு என்று சொல்லியே முடியும். நான் அவசரமாக நிறுத்தப் போனேன், அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். கடவுளிடம் இப்படியும் பேசலாமா என்று கேட்டார். பேசலாம் என்றுதானே வேதத்திலேயே வைத்திருக்கிறது, 150-ல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படிப்பட்ட முறையீடுகள்தான். அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டு அழுதார், மாமியாரும் சேர்ந்து அழுதார். பிறகு வந்த நாளெல்லாம் அவர் கேட்டது 88-தான், கொஞ்ச நாள் கழித்துத் தானாக, ஆழத்திலிருந்து கூப்பிட்டு நம்பிக்கையோடு முடிகிற 130-க்கு மாறினார். பையன் பிறகு வந்து சேர்ந்தான், படகு வரவில்லை. துக்கத்தில் இருப்பவர்களுக்கு உடனே ஆறுதல் வசனத்தை எடுத்து நீட்டுவதை நான் அன்றோடு விட்டுவிட்டேன்.

சரி, குறைகள். இருக்கின்றன, சிலது எரிச்சலூட்டும்.

எண் பட்டன் கிடையாது. அடுத்தது, முந்தினது என்று இரண்டு பட்டன்தான். 91-ம் சங்கீதத்துக்குப் போக வேண்டுமென்றால் தொண்ணூறு முறை அமுக்க வேண்டும். கண் தெரியாதவர்களுக்காகச் செய்த பொருளில் இப்படிச் செய்யலாமா? எண் பட்டன் உள்ள மாடலும் கடைகளில் உண்டு, கூட இருநூறு ரூபாய் போனாலும் அதையே வாங்குங்கள். சுவிட்சை அணைத்தால் விட்ட அதிகாரத்திலிருந்து ஆரம்பிக்கும், அது நல்லது, ஆனால் பேட்டரி தானாகத் தீர்ந்து அணைந்துபோனால் நேராகத் தொடக்க நூல் முதல் அதிகாரத்துக்குப் போய்விடும்.

குரல்கள் நன்றாக இருக்கின்றன, உச்சரிப்பு சுத்தம், அவசரமில்லை. கடவுள் பேசும் இடத்தில் மட்டும் எதிரொலி போட்டிருக்கிறார்கள், அது வேண்டவே வேண்டாம். சங்கீதங்களுக்குப் பின்னால் கீபோர்டு இசை ஓடிக்கொண்டே இருக்கிறது, சில இடத்தில் அது குரலை மிஞ்சுகிறது, வயதானவர்களுக்குச் சொற்கள் பிடிபடவில்லை.

உப்புக்காற்று. இது நம் ஊருக்கு மட்டும் உள்ள பிரச்சினை. சார்ஜ் பின் செருகும் ஓட்டையில் ரப்பர் மூடி இருக்கிறது, அது போதாது, முதல் வாடைக்காற்றிலேயே உள்ளே பச்சை பூத்துவிட்டது. இராமநாதபுரத்தில் ஒரு மொபைல் கடையில் கொடுத்து மாற்றினோம். சோலார் மட்டும் இன்றுவரை ஏமாற்றவில்லை, காலையிலிருந்து வெயிலில் வைத்தால் ராத்திரிக்குத் தாராளமாக வருகிறது. மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்தால் படகிலும் தாங்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை இதுதான். கத்தோலிக்க பைபிள்தான், எல்லாம் இருக்கிறது என்று சொல்லித்தான் கடையில் விற்றார்கள். வந்து பார்த்தால் 66 நூல்தான். கத்தோலிக்கருக்கு 73. தோபித்து இல்லை, யூதித்து இல்லை, சீராக் இல்லை, மக்கபேயர் இல்லை. சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே சபைக்காரர்களின் பைபிளே 66 நூல்தான், அவர்களுக்கு இது குறையே கிடையாது, அவர்கள் தாராளமாக வாங்கலாம். எங்கள் மாமியார் முதலில் கேட்டதே தோபித்துதான். கண் தெரியாமல்போன தகப்பன், தூர வழி போகும் மகன், கூடவே வருகிற வானதூதர், ஆற்றில் துள்ளி வந்த பெரிய மீன், அந்த மீனின் பித்தத்தால் தகப்பனுக்குப் பார்வை வருவது, சின்ன வயதில் ஒரு உபதேசியார் சொன்ன கதை, அதை முழுசாகக் கேட்க வேண்டும் என்று அவருக்கு எவ்வளவோ காலத்து ஆசை. இல்லை என்றதும் பேசாமல் இருந்துவிட்டார்.

மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவளே திருவிவிலியத்தை எடுத்து வைத்து, தோபித்து 14 அதிகாரத்தையும் போனில் வாசித்துப் பதிவு செய்தாள், பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒவ்வொன்றாக. நடுவில் சேவல் கூவும், யாரோ பைக்கை உதைப்பார்கள், சில பெயர்களில் தடுக்கி விழுந்து மறுபடி வாசிப்பாள். அதை மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தோம். இப்போது பெட்டியில் அதிகம் ஓடுவது அதுதான். ஸ்டுடியோவில் பதிவு செய்த எந்தக் குரலுக்கும் மாமியார் இப்படி முகத்தைத் தூக்கிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

இதனாலேயே அன்பியக் கூட்டத்துக்கு, அதாவது பங்கில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து செபிக்கிற கூட்டத்துக்கு, இந்தப் பெட்டியைக் கொண்டுபோக நான் சம்மதிக்கவில்லை. கேட்டார்கள், நன்றாகத்தான் வாசிக்கிறது, கொண்டுவா என்றார்கள். அங்கே பிள்ளைகள் எழுந்து நின்று வாசிக்கிறார்கள், திக்கித் திணறி வாசிக்கிறார்கள், அந்தப் பழக்கத்தில்தான் நாளைக்குக் கோயிலில் வாசகம் வாசிக்க வருவார்கள். ஏழு படி முறையில் வசனத்தை ஆளுக்கொரு வாயால் திரும்பச் சொல்லி, பிறகு கொஞ்ச நேரம் மௌனமாக இருப்போம். ஆள் இருக்கிற இடத்தில் பெட்டி எதற்கு? ஆள் இல்லாத ராத்திரிக்கு, கண் தெரியாதவருக்கு, கடலில் கிடப்பவருக்கு அது போதும்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே மூன்றைப் பார்த்துவிடுங்கள். எண் பட்டன் இருக்கிறதா. கத்தோலிக்கர் என்றால் சீராக் இரண்டாம் அதிகாரத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், காட்டினால்தான் பணம். கார்டு வெளியே எடுக்க வருகிறதா, நாம் பதிவு செய்ததை ஏற்றினால் பாடுகிறதா என்றும் பாருங்கள். சிலதில் கார்டை உள்ளேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள், அதை வாங்கவே வேண்டாம்.